பின்சீட்டு இல்லாத கார்

ஒரு காரின் கூரையை விரிப்பதும் மடக்குவதும்தான் நிக்கோதெமோவின் வேலை. ஊருக்குப் போகும்போது இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று "கார் ஃபாக்டரியில இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். தூரின் நகரத்துக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில் ஸ்பைடர் என்ற சின்னக் கார்களுக்கு உடம்பு கட்டினார்கள். ஒரு முனையில் தகரமாக நுழைவது மறுமுனையில் காராக வெளியேறும். வெளியேறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிக்கோதெமோ நிற்பான். துணிக்கூரையை இழுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் கொக்கி மாட்டுவான். எங்காவது சுருக்கம் விழுகிறதா, தையல் இழுக்கிறதா என்று பார்ப்பான். பிறகு கொக்கியைக் கழற்றி, கூரையை மடக்கி, இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த தகர மூடியைத் தூக்கி உள்ளே படுக்கவைத்து மூடுவான். மூடிவிட்டால் அந்த வண்டிக்குக் கூரை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதுதான் அதன் அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். அவனுக்குத் தோள்பட்டை வலித்தது.

வண்டியின் மேல் அவனுக்குப் பெரிய மயக்கம் எதுவும் இல்லை. அடியில் குனிந்து பார்த்தால் அது குமாஸ்தாக்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு போகிற அதே ஃபியட் எண்ணூற்றைம்பதுதான். அதே தரை, பின்னால் அதே சின்ன எஞ்சின். அந்தத் தரையின் மேல் பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைந்ததுபோல ஓர் உடம்பு. பக்கத்தில் நின்றால் இடுப்புக்குச் சற்று மேலே வரும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அதன் முகவிளக்குகள் கண் சொருகியதுபோலச் சாய்ந்திருந்தன. அமெரிக்கச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை என்று பிறகு நிமிர்த்தி வைத்தார்கள். "தூங்கிட்டிருந்தவள எழுப்பி உக்கார வச்சிட்டாங்க" என்றார் மேஸ்திரி தெரேசியோ. அப்படி எழுந்து உட்கார்ந்தவைதான் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறின. கலிபோர்னியாவில் மழையே கிடையாதாம். அப்படியானால் நான் மாட்டுகிற கூரையை யார் விரிக்கப்போகிறார்கள் என்று நிக்கோதெமோ யோசிப்பான். யோசித்துக்கொண்டே அடுத்ததை இழுப்பான்.

அவன் இத்தாலியின் தென்கோடியில் இருக்கும் காலாப்ரியாக்காரன். கடலைப் பார்த்த மலைச்சரிவில் பியெத்ரநேரா என்ற ஊர். அப்பா ஆடு மேய்த்தார். அவர் போனதும் ஆடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. மீசை சரியாக முளைக்காத வயதில் ரயிலேறி வடக்கே வந்தவன், முதலில் செங்கல் சுமந்தான். வீடு தேடி நடந்தபோது கதவுகளில் "தெற்கத்தியாருக்கு வாடகைக்கு இல்லை" என்ற அட்டை தொங்கியது. கடைசியில் ஒரு கூரையடி அறை கிடைத்தது. பூலியாவிலிருந்து வந்த ஒருவனோடு ஒரே கட்டில். அவனுக்கு இரவு வேலை, இவனுக்குப் பகல் வேலை. அவன் எழுந்துபோன சூட்டில் இவன் படுப்பான். இவன் எழுந்த சூட்டில் அவன். ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்த்துப் பேசியது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். இப்படியே நிக்கோதெமோவுக்கு முப்பத்தெட்டு வயதாகி, முன்தலையில் முடியும் போய்விட்டது.

அவனுக்கென்று உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பிலோமினா.

அவளும் பியெத்ரநேராக்காரிதான். கோடைமுழுக்க விடியுமுன் கடற்கரைத் தோட்டங்களுக்கு இறங்கிப்போய் வாசனைத் தைலக் கம்பெனிக்காக மல்லிகை பறிப்பாள். வெயில் ஏறினால் பூவின் மணம் போய்விடும் என்பதால் அந்த ஊர்ப் பெண்கள் தூக்கத்தை விற்றுத்தான் பூ பறித்தார்கள். முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் ஆஸ்திரேலியாவுக்குப் போனவன் போனவன்தான். வீட்டில் அவளும் விதவைத் தாய் சவேரியாவும் மட்டும். நிக்கோதெமோவின் அக்கா கொன்செத்தா போய்ப் பேசி, வாய்வார்த்தை ஆகி, நான்கு ஆகஸ்ட் கடந்துவிட்டது. ஒவ்வொரு ஆகஸ்ட் விடுமுறையிலும் அவன் வருவான். மாலையில் மூவருமாகக் கடற்கரைச் சாலையில் நடப்பார்கள். சவேரியா நடுவில். பிலோமினாவின் குரல் அவனுக்குத் தாயின் கறுப்புச் சால்வையைத் தாண்டித்தான் வந்து சேரும்.

போன வருடம் அப்படி நடந்தபோது வெளிநாட்டு ஜோடி ஒன்று கூரை திறந்த ஸ்பைடரில் அவர்களைக் கடந்துபோனது. பிலோமினா நின்றுவிட்டாள். தாயின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அதுதான் நீங்க செய்யற வண்டியா?" என்றாள்.

நான்கு வருடத்தில் அவள் அவனிடம் நேராகக் கேட்ட ஒரே கேள்வி அது.

அன்றைக்கே வாசலில் சவேரியா சொல்லிவிட்டாள். "இங்க பாருப்பா, எனக்கும் ஊர்ல தலை காட்டணும். அடுத்த மாதா திருநாளுக்கு எங்க ரெண்டு பேரையும் மலைக்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போ. அதோட தேதி வச்சிருவோம். அதுவும் இல்லைன்னா விட்டுரு, நான் வேற இடம் பாத்துக்கறேன்."

பேசி முடித்த பெண்ணை, அவள் வீட்டாரோடு, ஆகஸ்ட் பதினைந்தில் மலைமேல் இருக்கும் மாதா கோவிலுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து வாசலில் விடுவது அங்கே வழக்கம். விட்டுவிட்டால் கல்யாணம் உறுதி என்று ஊர் எடுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் கோவேறு கழுதை. இப்போது வடக்கே போனவர்கள் காரில் வந்தார்கள். "கார்லயே கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்று நிக்கோதெமோ சொல்லிவிட்டான். சவேரியா அதை மறுநாளே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வசந்தத்தில் ஒரு பல் டாக்டரிடமிருந்து பழைய ஸ்பைடர் ஒன்றை வாங்கினான். கண் சொருகிய பழைய மாதிரி. வெளுத்த சிவப்பு. கூரையைப் பார்த்தவுடன் தன் கைபட்டதுதான் என்று நினைத்துக்கொண்டான். நிச்சயமாகத் தெரியவில்லை.

தெரேசியோ தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, உனக்கென்ன கிறுக்கா? ஊருக்குப் போற தெற்கத்தியான் எவனாவது இதை வாங்குவானா? திரும்பி வரும்போது ஊர் ஆலிவ் எண்ணெய் டின்னை எங்க வைப்ப, தலையிலயா?"

"முன்னாடி டிக்கியில ஒரு டின் போகும், மேஸ்திரி."

"பொண்டாட்டி?"

"பக்கத்துல."

"சரிதான். நல்லா மடிச்சா அவளையும் மூடிக்குள்ள வச்சிடலாம்."

ஆகஸ்டில் தொழிற்சாலை மூடியதும் புறப்பட்டான். சாலை முழுக்கத் தெற்கே போகிற வடக்கத்திக் கார்கள். கூரைமேல் மெத்தை, தையல் மிஷின், மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் கயிற்றால் கட்டிக்கொண்டு, பின்கண்ணாடி வழியாகக் கால்களும் தலைகளும் தெரிய, மூச்சுமுட்டிப் போய்க்கொண்டிருந்தன. நிக்கோதெமோவின் பக்கத்து இருக்கையில் காப்பித்தூளும் ஒரு துணிக்கட்டும் சாக்லேட் டப்பாவும் உட்கார்ந்திருந்தன. ரோமுக்கு முன்பே சாக்லேட் கஞ்சியாகிவிட்டது. பெட்ரோல் போட நின்ற இடத்தில் எட்டுப் பேரோடு வந்த ஒருவன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குடும்பம் எங்க மச்சான், சாம்பல் கிண்ணத்துலயா?" என்றான். அந்த எட்டுப் பேரும் சிரித்தார்கள். நிக்கோதெமோவும் சிரித்தான். இரண்டாம் நாள் ஊர் எல்லையில் ஏறும்போது முகம் சுட்ட மிளகாய்போல இருந்தது. கண்ணை மூடினால் சாலை ஓடியது, திறந்தாலும் ஓடியது.

கொன்செத்தா வாசலுக்கு வந்தாள். தம்பியைக் கட்டிக்கொண்டாள். வண்டியைப் பார்த்தாள். சுற்றி வந்தாள். பிறகு குனிந்து இருக்கைகளுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டினாள்.

"டேய், பின்சீட்டு எங்கடா?"

"இதுல கிடையாதுக்கா."

"கிடையாதுன்னா?"

"ரெண்டு பேர் போற வண்டி."

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "மாதாவே! அப்ப சவேரியா எங்கடா உக்காருவா?"

நிக்கோதெமோவும் குனிந்து அந்தத் தகரத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. எத்தனை வருடமாக அந்த இடத்தில்தான், அந்தத் தகர மூடிக்குக் கீழேதான், கையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு தாய் உட்கார இடமில்லை என்பது ஒருநாளும் உறைக்கவில்லை. தூரினில் பெண்கள் தனியாக டிராமில் ஏறி இறங்கினார்கள். ஆண்களோடு ஸ்கூட்டரில் போனார்கள். பார்த்துப் பார்த்து, ஊரில் தாயில்லாமல் ஒரு பெண் ஆணோடு வண்டியில் ஏறினால் அது ஓடிப்போனதற்குச் சமம் என்பதையே மறந்திருந்தான். அவன் கற்பனையில் பிலோமினா பக்கத்தில் இருந்தாள், தலைமுடி காற்றில் பறந்தது. நான்கு வருடத்தில் முதல்முறையாக நடுவில் யாரும் இல்லை. அந்தப் படத்தோடுதான் அவன் இத்தாலியின் நீளம் முழுக்க ஓட்டி வந்திருந்தான்.

"சொல்லித் தொலைடா. அந்தப் பொம்பள இதைப் பாத்தா என்ன நினைப்பா? இவனுக்குப் பொண்ணு மட்டும்தான் வேணும், குடும்பம் வேண்டாம்னு நினைக்க மாட்டா?"

சவேரியா அப்படித்தான் நினைத்தாள். மாலையில் அவன் போனபோது கதவைத் திறந்தாள், ஆனால் நாற்காலி போடவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே தெருவில் நின்ற வண்டியைக் காட்டினாள்.

"மூணு பேர் போகணும்னு தெரிஞ்சு ரெண்டு சீட்டோட வந்திருக்கியே, நீ சொல்ல வந்தது எனக்குப் புரிஞ்சிடுச்சு."

"நான் ஒண்ணும் சொல்ல வரலைங்க அத்தை. தப்பு பண்ணிட்டேன்."

"தப்பா? கார் ஃபாக்டரியில வேலை பாக்கறவனுக்குச் சீட்டு எத்தனைன்னு தெரியாதா?"

அடுப்படியிலிருந்து பிலோமினா எட்டிப் பார்த்தாள். தூக்கமில்லாத கண்கள். வண்டியைத்தான் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"திருநாளைக்கு நீங்க ஏறுங்க அத்தை" என்றான் நிக்கோதெமோ. யோசித்துச் சொன்னதல்ல. நிற்க முடியாமல் சொன்னது. "உங்களை நான் கூட்டிட்டுப் போறேன். பிலோமினா எங்கக்காவோட நடந்து வரட்டும்."

சவேரியா இன்னொரு முறை கீழே வண்டியைப் பார்த்தாள். "வர்றேன்" என்றாள். "தேதி வைப்பேன்னு மட்டும் நினைக்காத."

திருநாளன்று ஊரே வாசலில் நின்றது. பிலோமினா அன்றும் பூப்பறித்துவிட்டு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, யாத்திரைக் கூட்டத்தோடு முன்னாலேயே நடந்துவிட்டாள். சவேரியா கறுப்பு உடையும் கறுப்பு முக்காடுமாக வண்டிக்குள் இறங்கினாள். இறங்கினாள் என்றுதான் சொல்லவேண்டும். "எனக்குக் குழி வெட்டி வச்சிருக்கியா?" என்றாள். யாரோ பின்னாலிருந்து, "புதுப்பொண்ணு நல்லாத்தான் இருக்கா நிக்கோ!" என்று கத்தினார்கள்.

முதல் வளைவுகளில் காற்று முக்காட்டைப் பிடுங்கியது.

"இதுக்குக் கூரை கிடையாதா?"

அவன் ஓரமாக நிறுத்தினான். இறங்கி, மூடியைத் தூக்கி, இழுத்து, விரித்து, கொக்கி மாட்டினான். கைகள் தாமாகச் செய்தன. சவேரியா கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு சுளுவா பண்ற! இதான் உன் வேலையா?"

எப்போதும் சொல்வதை இப்போதும் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அலுப்பாக இருந்தது. "ஆமாங்க அத்தை. இது மட்டும்தான்."

"நாள் பூரா?"

"நாள் பூரா."

"ஊர்ல உன்னை மேஸ்திரின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"நான் அப்படிச் சொல்லலையே."

"இல்லைன்னும் சொல்லலையே."

கூரைக்கு அடியில் வெக்கை சேர்ந்தது. இரண்டு வளைவு தாண்டியதும், "தொறந்துடுப்பா, வெந்து போயிருவேன்" என்றாள். அவன் மறுபடி இறங்கித் திறந்தான். ஆகஸ்ட் விடுமுறையிலும் அவனுக்கு அதே வேலை. ஏறி உட்கார்ந்தபோது சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லையா உனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். அசதி."

"நேத்து வந்த அசதி மாதிரி தெரியலையே. என் பொண்ணும் அங்க வந்தா இப்படித்தான் ஆவாளா?"

ஆகமாட்டாள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. "ஆவாங்க அத்தை" என்றான். "அங்க எல்லாரும் இப்படித்தான் ஆயிடறாங்க."

வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது. கீழே கடல் தகரம்போல் கிடந்தது.

"இங்கயும் அவ அப்படித்தான் இருக்கா" என்றாள் சவேரியா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்கு இந்த வண்டிமேல என்ன கோவம் தெரியுமா?"

"ஊர் பேசும்னு."

"ஊர் கிடக்கு. அது பேசாத நாள் எது? ரெண்டு சீட்டு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு அவளுக்கு. நான் வாசல்ல நின்னு கையை ஆட்டணும். பையன் கப்பலேறினப்ப ஆட்டினேனே, அது ஒண்ணு போதாதா?"

நிக்கோதெமோ சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான். என்ன சொன்னாலும் வாக்குக் கொடுத்ததாகிவிடும் என்று பயமாக இருந்தது.

மேலே பூசை, பவனி, கரியில் சுட்ட ஆட்டிறைச்சி, வியர்வை. எல்லாம் முடிந்து இறங்கும் நேரத்தில், கிழவர்களையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டது. பிலோமினா ஒரு கல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டு குதிகாலும் கொப்புளித்து உடைந்திருந்தன.

"அம்மா, என்னால ஒரு அடி வைக்க முடியாது."

"கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடடி."

"நீ நட. நான் வண்டியில உக்காந்துக்கறேன்."

பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஏறினால் போதும். தேதி, வாய்வார்த்தை எதுவும் வேண்டாம். ஓடிப்போனவள் கல்யாணமாக அவசர அவசரமாக அடுத்த வாரமே முடித்துவிடுவார்கள். நிக்கோதெமோவுக்கு வேண்டியது கிடைத்துவிடும். சவேரியா மகளைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு பேரும் போகலாம்" என்றான் அவன்.

இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த தகர மூடியைத் தட்டினான். தொழிற்சாலையில் அதன்மேல் முழங்கையை ஊன்றினால்கூடத் தெரேசியோ கத்துவார். மென்மையான தகரம், ஒருமுறை குழிந்தால் குழிந்ததுதான். பிலோமினா அதன்மேல் ஏறி, செருப்பில்லாத கால்களை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தொங்கவிட்டு உட்கார்ந்தாள். டொக் என்று தகரம் உள்வாங்கியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சவேரியா தன் குழிக்குள் இறங்கினாள்.

முதல் கியரிலேயே இறங்கினார்கள். நடந்து போனவர்கள் ஓரம் ஒதுங்கினார்கள். "வழி விடுங்க, மாதா சொரூபம் வருது!" என்று ஒருத்தி கூவ, பிலோமினா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நிக்கோதெமோ கேட்டதில்லை. "சிரிக்காத, விழுந்து தொலைக்கப் போற" என்றாள் சவேரியா. பெட்ரோல் வாடைக்கு நடுவே விடியற்காலை மல்லிகையின் மிச்சம் வந்துவந்து போனது. ஒரு கை தாயின் தோளில் இருந்தது. ஒரு கூர்மையான வளைவில் மறுகை அவன் தோளைப் பிடித்தது. வலிக்கிற தோள். வளைவு முடிந்தும் கை அங்கேயே இருந்தது. சவேரியா பார்த்தாள். பார்த்துவிட்டுப் பள்ளத்தாக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் பிலோமினா குதித்து இறங்கி நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். சவேரியாவால் எழுந்திருக்க முடியவில்லை. நிக்கோதெமோ இரண்டு கையையும் பிடித்து இழுத்தான். பாதி எழுந்த நிலையில், அவன் கையைப் பிடித்தபடியே, மெதுவாகச் சொன்னாள்.

"அக்டோபர்ல வச்சுக்கலாம். மல்லிகை முடிஞ்சதும்."

"சரிங்க அத்தை."

"ஆனா இந்த வண்டியில நான் அவ்வளவு தூரம் வரமாட்டேன்."

அவனுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது, அவளும் தூரினுக்கு வருகிறாள். தேடி அலைய வேண்டிய வீடு, அதில் இரண்டே அறை, ஒன்றில் சவேரியா என்று எல்லாம் சேர்ந்து வந்தன. மறுக்க அவனிடம் தெம்பு இல்லை. மறுக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.

"பின்சீட்டு இருக்கறதா வாங்கறேன்" என்றான்.

செப்டம்பரில் ஸ்பைடர் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகனிடம் போனது. தகரம் குழிந்திருக்கிறது என்று அவன் முகம் சுளித்தான். அதற்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் குடும்பக் கார் ஒன்று வந்தது. அதே தரை, அதே எஞ்சின். "இப்பத்தான் மனுஷன் ஆன" என்றார் தெரேசியோ. அக்டோபரில் அதில் மூவரும் வடக்கே ஏறினார்கள். எண்ணெய் டின்களுக்கு நடுவே சவேரியா நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள். பிலோமினா சலேர்னோ வருமுன்பே தூங்கிப்போனாள். தூரின் வரை எழவில்லை.

சில வருடங்களில் சின்ன ஸ்பைடர் செய்வதை நிறுத்திவிட்டார்கள். நிக்கோதெமோவை வேறொரு வரிசைக்கு மாற்றினார்கள். அங்கே கதவு மாட்டவேண்டும். பிலோமினா ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கப் போனாள். இங்கேயும் விடியுமுன்தான் கிளம்பவேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போவதில்லை. தூங்கினார்கள்.

சவேரியாவுக்கு மட்டும் தூக்கம் வராது. நான்காவது மாடியில், உட்கார்ந்து பேச வாசல் இல்லாத வீட்டில், அவளுக்குக் கையும் காலும் ஓடவில்லை. ஞாயிறு காலையில் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவாள். தெருவோரம் நிற்கும் காரின் கதவைத் திறந்து வைத்து, பின்சீட்டில் உட்கார்ந்து, மடியில் பாத்திரத்தோடு அவரை உரிப்பாள். போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுப் பேசுவாள். அவள் பேசும் காலாப்ரிய மொழி அந்தத் தெருவில் பாதிப்பேருக்குப் புரியாது. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு அழைக்க நிக்கோதெமோ இறங்கி வருவான்.

"உக்காரு, உக்காரு. இன்னும் ரெண்டு கைப்பிடி இருக்கு" என்பாள்.

அவன் முன்சீட்டில் உட்காருவான். உட்கார்ந்தவன் அப்படியே ஸ்டியரிங்கின் மேல் தலை சாய்த்துத் தூங்கிவிடுவான். கொஞ்சநேரம் கழித்து மாடி ஜன்னலிலிருந்து பிலோமினா இரண்டு பேரையும் கத்திக் கூப்பிடுவாள்.